செஃப் கிளஸ்டர்: கிளையன்ட் மெஷின்களுக்கு அணுகல் கொடுப்பதை ஆன்சிபிளில் முறையாக அமைப்பது எப்படி?

நெய்தல்நிலம்:

வணக்கம் நண்பர்களே. புதிதாகச் சேர்ந்த இடத்தில் ஒரு செஃப் கிளஸ்டர் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒன்றாக்கும் சேமிப்பகம்) என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ரீஃப் வெளியீடு, 18.2, செஃப்பை நிறுவி மேலாளும் கருவியான செஃப்ஏடிஎம் வழியாக நிறுவியது, கிளஸ்டரின் நிலையை வைத்திருக்கும் மானிட்டர்கள் மூன்று. அதைப் பயன்படுத்தும் மெஷின்கள் மூன்று வகை. விர்ச்சுவல் மெஷின்களின் (விஎம்) டிஸ்க்கை ஆர்பிடியில் (செஃப்பின் மெய்நிகர் டிஸ்க் வசதி) வைத்திருக்கும் கேவிஎம் ஹோஸ்ட்கள், செஃப்எஃப்எஸ்ஸை (செஃப்பின் ஃபைல்சிஸ்டம்) மவுன்ட் செய்யும் வெப் சர்வர்கள், அப்புறம் இரவில் எல்லாவற்றையும் இழுத்து வைக்கும் ஒரு பேக்கப் சர்வர்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு ஆன்சிபிள் பிளேபுக் (மெஷின்களைத் தானாக அமைக்கும் பணிப்பட்டியல்) வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: செஃப் பேக்கேஜை நிறுவு, கான்ஃப் கோப்பை நகலெடு, அட்மின் கீரிங்கை (சாவிக் கோப்பை) நகலெடு, முடிந்தது. எல்லா மெஷினிலும் கிளையன்ட்.அட்மின் சாவி கிடக்கிறது, அதுவும் 0644 அனுமதியோடு. அதாவது வெப் சர்வரில் லாகின் உள்ள யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம்.

இன்னும் சில கேவிஎம் ஹோஸ்ட்கள் வரப்போகின்றன. அதற்கு முன்னால் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மெஷினுக்கு ஒரு செஃப் பயனரா, குழுவுக்கு ஒரு பயனரா? செஃப்-ஆன்சிபிளில் உள்ள கிளையன்ட் ரோலை (தயாராக உள்ள பணித் தொகுப்பை) எடுத்துக்கொள்ளலாமா, அல்லது நானே எழுத வேண்டுமா? ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களைத் தொடாமல் எப்படி மாறுவது? இந்த மூன்றும்தான் என் கேள்விகள்.

மூன்றாவதுமான்:

முதலில் அட்மின் கீரிங் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதை "உள் நெட்வொர்க்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சாவிக்கு மான் (மானிட்டர்), எம்ஜிஆர் (மேலாண்மை டீமன்), ஓஎஸ்டி (டிஸ்க்கில் தரவை வைக்கும் டீமன்), எம்டிஎஸ் (செஃப்எஃப்எஸ்ஸின் அடைவுகளைப் பார்த்துக்கொள்ளும் டீமன்) நான்கிலும் முழு அனுமதி உண்டு. பூலை (தரவு வைக்கும் பிரிவை) அழிக்க முடியாதபடி மான்-அலோ-பூல்-டிலீட் என்ற அமைப்பு இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அது காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். அந்த அமைப்பை மாற்றும் அதிகாரமும் அதே சாவிக்கு இருக்கிறது. ஒரு கட்டளையில் இயக்கிவிட்டு அடுத்த கட்டளையில் பூலை அழித்துவிடலாம். செஃப்பில் அழித்த பூலைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. ஒரு வெப் சர்வரில் வேர்ட்பிரஸ் பிளகின் ஓட்டை வழியாக ஒருவன் உள்ளே வந்தால், அவன் கையில் உங்கள் எல்லா விஎம் டிஸ்க்கும் இருக்கிறது என்று அர்த்தம். 0644 என்பது அதன் மேல் இன்னொரு கொடுமை.

பயனர்கள் விஷயம். கேவிஎம்முக்கு மான் பகுதியில் புரொஃபைல் ஆர்பிடி (ஆர்பிடிக்கான தயார் அனுமதித் தொகுப்பு), ஓஎஸ்டி பகுதியில் புரொஃபைல் ஆர்பிடி பூல்=விஎம்கள், எம்ஜிஆர் பகுதியிலும் அதே பூலுக்குப் புரொஃபைல் ஆர்பிடி. டெம்ப்ளேட் இமேஜ்கள் தனி பூலில் இருந்தால் அதற்கு மட்டும் புரொஃபைல் ஆர்பிடி-ரீட்-ஒன்லி. செஃப்எஃப்எஸ்ஸுக்குக் கையால் கேப்ஸ் (அனுமதி வரிகள்) எழுதவே வேண்டாம், செஃப் எஃப்எஸ் ஆத்தரைஸ் கட்டளையே எம்டிஎஸ், மான், ஓஎஸ்டி மூன்றுக்கும் சரியான வரிகளைப் போட்டுக் கொடுக்கும்.

என் கருத்து: மெஷினுக்கு ஒரு பயனர். ஒரு மெஷின் கைமீறிப் போனால் அந்த ஒரு சாவியை மட்டும் ரத்து செய்தால் போதும்.

பழையமாடம்:

கருவி பற்றி நான் சொல்கிறேன். செஃப்-ஆன்சிபிள் நல்ல திட்டம்தான், பல வருடம் அதில் வாழ்ந்திருக்கிறேன். அதில் கிளையன்ட்ஸ் குழுவுக்கான மாறிகள் கோப்பில் கீஸ் என்ற பட்டியலில் பெயரையும் கேப்ஸையும் எழுதிவிட்டால் ரோல் பார்த்துக்கொள்ளும். அட்மின் சாவியை நகலெடுப்பதற்கும் அங்கே ஒரு தனி மாறி உண்டு, இயல்பில் அது "வேண்டாம்" என்றுதான் இருக்கும். ஆனால் 2020இல் ஆக்டோபஸ் வெளியீட்டோடு செஃப்ஏடிஎம் வந்த பிறகு கதை மாறிவிட்டது. செஃப்-ஆன்சிபிள் புதிய ஆர்கெஸ்ட்ரேட்டரோடு இணைந்து வேலை செய்யாது. செஃப்ஏடிஎம் நிறுவிய கிளஸ்டர் மேல் அதை ஓட்டினால் அது தன் பாணியில் கான்ஃப் எழுதப் பார்க்கும், இரண்டு பேர் ஒரே கோப்பை ஆள்வது நல்லதல்ல.

உங்களுக்குப் பொருந்துவது செஃப்ஏடிஎம்-ஆன்சிபிள். அதில் கிளையன்ட்களுக்கென்றே ஒரு பிளேபுக் இருக்கிறது. எஃப்எஸ்ஐடி (கிளஸ்டரின் அடையாள எண்), கீரிங் கோப்பின் பாதை, இன்வென்டரியில் (ஆன்சிபிளின் மெஷின் பட்டியலில்) கிளையன்ட் குழுவின் பெயர், இந்த மூன்றையும் கொடுத்தால் செஃப்-காமன் பேக்கேஜை நிறுவி, சிறிய கான்ஃப் கோப்பையும் கீரிங்கையும் கொண்டுபோய் வைக்கும். ஒன்று கவனியுங்கள், அது பயனரை உருவாக்கித் தராது. கீரிங் கோப்பு அட்மின் நோடில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு கீரிங், ஒரு குழு. பல பயனர்கள் என்றால் பல முறை ஓட்ட வேண்டும்.

கான்ஃப் கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. செஃப் கான்ஃபிக் ஜெனரேட்-மினிமல்-கான்ஃப் தருவதை மட்டும் வையுங்கள். அதில் எஃப்எஸ்ஐடியும் மானிட்டர் முகவரிகளும் மட்டுமே இருக்கும், அதுவே போதும். மிமிக் காலத்திலிருந்து மற்ற அமைப்புகள் மானிட்டரில் உள்ள பொதுத் தரவுத்தளத்திலிருந்து கிளையன்ட்டுக்கு வந்துவிடும். உள்ளூர் கான்ஃப் கோப்பில் எழுதியது அதை விட வலிமையானது என்பதால், யாரோ எப்போதோ எழுதிய ஆர்பிடி கேஷ் வரி ஒன்று கோப்பில் இருந்துகொண்டு நீங்கள் மையத்தில் மாற்றியதை எல்லாம் மறைத்துக்கொண்டே இருக்கும்.

கரையோரம்:

இதற்கு ஆன்சிபிளே தேவையில்லையே? செஃப் ஆர்க் கிளையன்ட்-கீரிங் செட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பயனர் பெயர், ஒரு லேபிள், கோப்பின் அனுமதி, உரிமையாளர் எண் கொடுத்தால், அந்த லேபிள் உள்ள ஹோஸ்ட்களுக்கெல்லாம் செஃப்ஏடிஎம்மே கீரிங்கையும் கான்ஃபையும் கொண்டுபோய் வைக்கும், சாவி மாறினால் புதியதை அனுப்பும், மானிட்டர் முகவரி மாறினால் கான்ஃபையும் புதுப்பிக்கும். ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பிளேபுக்கை யாராவது ஓட்ட மறந்தால் என்ன என்ற கவலையே கிடையாது.

மூன்றாவதுமான்:

கரையோரம், வசதி உண்மைதான், ஆனால் அதற்கு அந்த ஹோஸ்ட் செஃப்ஏடிஎம்மின் மேலாண்மைக்குள் வர வேண்டும். அதாவது எம்ஜிஆர் ஓடும் இடத்திலிருந்து அந்த வெப் சர்வருக்கு ரூட் உரிமையோடு, அல்லது கடவுச்சொல் கேட்காத சூடோ உரிமையோடு, எஸ்எஸ்எச் திறந்திருக்க வேண்டும். ஸ்டோரேஜ் கிளஸ்டரும் வெப் சர்வர்களும் வேறு வேறு பாதுகாப்பு வட்டத்தில் இருக்கும் இடத்தில் நான் இதைச் செய்ய மாட்டேன். கேப்ஸைக் குறுக்கிவிட்டு இன்னொரு பக்கம் ரூட்டைத் திறந்துவிடுவதில் பொருளில்லை. தவிர, நோ-ஷெட்யூல் லேபிள் போட மறந்தால் வெப் சர்வரில் செஃப் டீமன்கள் வந்து உட்கார்ந்துவிடும்.

கரையோரம்:

ஒரே குழு இரண்டையும் பார்த்துக்கொள்ளும் சின்ன இடங்களில் அது பெரிய விஷயமில்லை என்பது என் எண்ணம். கேவிஎம் ஹோஸ்ட்களுக்காவது அது பொருந்தும். ஆனால் வெப் சர்வர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

அலைகணிப்பு:

நீங்களே ரோல் எழுதுவதாக இருந்தால் இரண்டு இடங்களில் மிகவும் கவனமாக இருங்கள், ஏனென்றால் இரண்டுமே பார்க்க அப்பாவித்தனமாக இருக்கும்.

முதலாவது, ஆத் கெட்-ஆர்-கிரியேட். இருந்தால் எடு, இல்லையென்றால் உருவாக்கு என்பதால் ஆன்சிபிளுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரித் தோன்றும். முதல் ஓட்டம் சுகமாக முடியும். பிறகு ஒரு நாள் அந்தப் பயனருக்கு இன்னொரு பூலையும் சேர்க்க நினைத்து கேப்ஸ் வரியைத் திருத்தி ஓட்டுவீர்கள். அது மாற்றிக் கொடுக்காது, "சாவி இருக்கிறது, ஆனால் கேப் பொருந்தவில்லை" என்று பிழை சொல்லி நின்றுவிடும்.

அதனால் ஆத் கேப்ஸ் கட்டளைக்குப் போவீர்கள். அதுதான் இரண்டாவது. அது ஏற்கெனவே உள்ளதோடு சேர்க்காது, மொத்தத்தையும் துடைத்துவிட்டு நீங்கள் இப்போது எழுதியதை மட்டும் வைக்கும். ஓஎஸ்டி பகுதியைத் திருத்த நினைத்து ஓஎஸ்டி வரியை மட்டும் கொடுத்தால், மான் பகுதி காணாமல் போய்விடும். ஏற்கெனவே இணைந்திருக்கும் விஎம்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாதது போலவே ஓடும். புதிதாக இணையப் பார்க்கும்போதோ டிக்கெட் (தற்காலிக அனுமதிச் சீட்டு) புதுப்பிக்கும்போதோதான் வலிக்கும், அதற்குள் பிளேபுக் ஓட்டிய ஆள் வீட்டுக்குப் போயிருப்பார்.

நான் செய்வது இப்படி. எல்லாப் பயனர்களையும் ஒரே பட்டியலாக எழுதிவிடுகிறேன், கட்டளை எங்கும் கேப்ஸ் நேரடியாக எழுதுவதில்லை:

- பெயர்: கிளையன்ட்.கேவிஎம்-அ; மான்: புரொஃபைல் ஆர்பிடி; ஓஎஸ்டி: புரொஃபைல் ஆர்பிடி பூல்=விஎம்கள்; எம்ஜிஆர்: புரொஃபைல் ஆர்பிடி பூல்=விஎம்கள்; குழு: கேவிஎம்-அ
- பெயர்: கிளையன்ட்.பேக்கப்; மான்: புரொஃபைல் ஆர்பிடி-ரீட்-ஒன்லி; ஓஎஸ்டி: புரொஃபைல் ஆர்பிடி-ரீட்-ஒன்லி பூல்=விஎம்கள்; குழு: பேக்கப்

ரோல் முதலில் ஆத் கெட் கட்டளையை ஜேசன் வடிவில் ஓட்டி இப்போது இருப்பதை எடுக்கும். பயனர் இல்லையென்றால் உருவாக்கும். இருந்து, கேப்ஸ் வேறுபட்டால், பட்டியலில் உள்ள எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஆத் கேப்ஸுக்குக் கொடுக்கும். ஒன்றாக இருந்தால் எதையும் தொடாது, பச்சை நிறத்தில் "மாற்றமில்லை" என்று வரும். இந்தப் பச்சை முக்கியம். ஒவ்வொரு ஓட்டத்திலும் மஞ்சள் வரும் பிளேபுக்கில் உண்மையான மாற்றம் ஒன்று வந்தால் யாரும் கவனிப்பதில்லை. ஆத் கெட் என்பது படிக்க மட்டுமே செய்யும் கட்டளை, எனவே செக் மோடிலும் அது ஓடும்படி அமையுங்கள், இல்லாவிட்டால் ஒத்திகை ஓட்டத்துக்குப் பயனில்லை.

இந்தப் பணிகளெல்லாம் கிளையன்ட் மெஷினில் ஓடக்கூடாது. டெலிகேட்-டு (பணியை வேறு மெஷினில் ஓட்டச் சொல்லும் அமைப்பு) வைத்து அட்மின் நோடில் ஓட்டுங்கள். அப்போதுதான் அட்மின் கீரிங் அந்த ஒரு இடத்தை விட்டு நகராது.

இரவுப்பணி:

அலைகணிப்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சாவியை எடுக்கும் பணியிலும் கோப்பை எழுதும் பணியிலும் நோ-லாக் (வெளியீட்டை மறைக்கும் அமைப்பு) கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் யாராவது பிழை தேட மூன்று வி (விரிவான வெளியீட்டுக்கான கொடி) போட்டு ஓட்டினால் முழு சாவியும் திரையில் வரும், டிஃப் கொடியோடு ஓட்டினாலும் கீரிங் கோப்பின் உள்ளடக்கம் அப்படியே வரும். சிஐ (பணிகளைத் தானாக ஓட்டும்) சர்வர் வழியாக ஓட்டுகிற இடங்களில் அந்தப் பதிவு மாதக்கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், அதைப் படிக்க உரிமை உள்ளவர்கள் செஃப்பைத் தொட உரிமை உள்ளவர்களை விட எப்போதும் அதிகம். செஃப்எக்ஸ் (செஃப்பின் அடையாளச் சோதனை முறை) சாவிகள் ஏக்யூ என்ற இரண்டு எழுத்தில்தான் தொடங்கும், பழைய பதிவுகளில் அதை வைத்துத் தேடிப் பாருங்கள்.

சாவியை வால்ட்டில் (ஆன்சிபிளின் மறையாக்கிய கோப்பில்) வைப்பதா, ஓட்டத்தின்போது கிளஸ்டரிலிருந்து எடுப்பதா என்று கேட்டால், எடுப்பதே மேல். வால்ட்டில் ஒரு நகல் வைத்தால் உண்மை இரண்டு இடங்களில் இருக்கும், சாவியை மாற்றிய அன்று யாரோ வால்ட்டை மாற்ற மறப்பார்கள். சாவி கிளஸ்டரில் இருக்கிறது, அங்கிருந்து கேட்டு வாங்கி நேராகக் கிளையன்ட்டில் 0600 அனுமதியோடு எழுதிவிடுங்கள்.

வரப்புவழி:

மூன்றாவதுமான் சொன்ன "மெஷினுக்கு ஒரு பயனர்" வெப் சர்வருக்கு மிகச் சரி. கேவிஎம்முக்கு அப்படிச் செய்யாதீர்கள் நண்பரே, லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது) உடைந்துவிடும்.

காரணம் இது. விஎம்மின் எக்ஸ்எம்எல்லில் டிஸ்க் பகுதியில் செஃப் பயனர் பெயரும் லிப்வர்ட் (விஎம்களை ஆளும் மென்பொருள்) சாவியை வைத்திருக்கும் சீக்ரெட்டின் யுயுஐடியும் (அடையாள எண்) எழுதப்பட்டிருக்கும். மைக்ரேட் செய்யும்போது அந்த எக்ஸ்எம்எல் அப்படியே அடுத்த ஹோஸ்ட்டுக்குப் போகும். அங்கே அதே யுயுஐடியில், அதே பயனரின் சாவி இருந்தால்தான் டிஸ்க் திறக்கும். ஹோஸ்ட்டுக்கு ஹோஸ்ட் பயனர் வேறு என்றால் போய்ச் சேர்ந்த இடத்தில் டிஸ்க்கைத் திறக்க முடியாது. அதனால் ஒன்றுக்கொன்று விஎம்களை மாற்றிக்கொள்ளும் ஹோஸ்ட்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பயனர், ஒரு யுயுஐடி. அந்த யுயுஐடியை மாறிகள் கோப்பில் நிலையாக எழுதி வையுங்கள், ரோல் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் புதிதாக உருவாக்க விடாதீர்கள். ஓப்பன்ஸ்டாக்கில் எல்லா கம்ப்யூட் நோடுக்கும் ஒரே யுயுஐடி வைப்பது இதற்காகத்தான்.

சீக்ரெட்டில் மதிப்பைப் போடும்போது சாவியைக் கட்டளை வரியிலேயே கொடுத்தால் அந்த நொடியில் பிஎஸ் (ஓடும் நிரல்களைக் காட்டும் கட்டளை) அடிக்கிறவர் எல்லோரும் பார்க்கலாம். புதிய லிப்வர்ட்டில் கோப்பிலிருந்து படிக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவதுமான்:

நியாயம். கேவிஎம்மைப் பொறுத்தவரை மைக்ரேஷன் குழுவே எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். குழுக்களைப் பிரிக்க வேண்டுமென்றால் பூலைப் பெருக்குவதற்குப் பதில் ஆர்பிடி நேம்ஸ்பேஸ் (ஒரே பூலுக்குள் தனிப் பிரிவு) பாருங்கள், நாட்டிலஸ் முதல் இருக்கிறது. கேப்ஸ் வரியில் பூலோடு நேம்ஸ்பேஸும் எழுதினால் போதும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பூல் என்று போனால் பிஜி (பூலின் உட்பிரிவு) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், ஓஎஸ்டிக்கு 250 என்ற இயல்பு வரம்பில் போய் முட்டும்.

நெய்தல்நிலம்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஆத் லிஸ்ட் பார்த்தபோது கிளையன்ட்.லிப்வர்ட் என்று ஒரு பழைய பயனர் இருக்கிறது. மான் பகுதியில் வெறும் அலோ ஆர் (படிக்க மட்டும்), ஓஎஸ்டி பகுதியில் விஎம்கள் பூலுக்கு அலோ ஆர்டபிள்யூஎக்ஸ் (படிக்க, எழுத, இயக்க). சில விஎம்கள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. அது போதாதா? படிக்கவும் எழுதவும் முடிகிறதே, புரொஃபைல் ஆர்பிடி என்ன கூடுதலாகத் தருகிறது?

வரப்புவழி:

நல்ல கேள்வி, இது தெரியாமல் பல இடங்களில் இரவு முழுக்க விழித்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆர்பிடி இமேஜில் எக்ஸ்க்ளூசிவ்-லாக் என்ற அம்சம் இயல்பாகவே இயங்கும். ஒரு நேரத்தில் ஒரு கிளையன்ட்தான் எழுதலாம். விஎம்மை ஒழுங்காக அணைத்தால் பூட்டு விடுவிக்கப்படும். ஆனால் கேவிஎம் ஹோஸ்ட் மின்சாரம் போய்த் திடீரென்று செத்தால், பூட்டு அந்தச் செத்த கிளையன்ட்டின் பெயரிலேயே கிடக்கும். நீங்கள் அதே விஎம்மை வேறு ஹோஸ்ட்டில் எழுப்புகிறீர்கள். புதிய கிளையன்ட் பூட்டு இருப்பதைப் பார்க்கிறது, வைத்திருப்பவர் உயிரோடு இல்லை என்றும் தெரிந்துகொள்கிறது, ஆனால் பூட்டை உடைப்பதற்கு முன் பழைய கிளையன்ட்டை பிளாக்லிஸ்ட்டில் (தடுக்கப்பட்டவர் பட்டியலில்) சேர்க்க வேண்டும். செத்ததாக நினைத்தது உண்மையில் நெட்வொர்க் அறுந்து மட்டும் கிடந்து, திரும்ப வந்து எழுதிவிட்டால் டிஸ்க் நாசம், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பிளாக்லிஸ்ட்டில் சேர்ப்பது மானிட்டருக்குக் கொடுக்கும் ஒரு கட்டளை. வெறும் அலோ ஆர் உள்ள பயனருக்கு அந்த அனுமதி கிடையாது.

விளைவு, விஎம் எழும், கெர்னல் ஏறும், முதல் எழுத்து முயற்சியில் ஐஓ பிழை வரும், ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லியாக மாறும். பார்க்கிறவர் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டப் போவார். டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

2017இல் வந்த லூமினஸுக்கு மேம்படுத்தும்போதே பயனர்களின் மான் கேப்ஸில் இந்த அனுமதியைச் சேர்க்கச் சொன்னார்கள். புரொஃபைல் ஆர்பிடி போட்டால் அது தானாகவே உள்ளே இருக்கும். சாதாரண நாட்களில் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதுதான் இதன் ஆபத்து. உங்கள் பழைய பயனரின் கேப்ஸை இன்றைக்கே மாற்றுங்கள், ஓடும் விஎம்களுக்குத் தொந்தரவு இல்லை. மான், ஓஎஸ்டி இரண்டு வரிகளையும் சேர்த்துக் கொடுக்க மட்டும் மறக்காதீர்கள், அலைகணிப்பு மேலே சொன்ன காரணம்.

இரவுப்பணி:

புதிய ஹோஸ்ட்கள் வரும்போது இன்னொன்று கண்டிப்பாக வரும்: ஃபயர்வால்.

நெட்வொர்க் குழுவிடம் "செஃப்புக்குத் திறந்துவிடுங்கள்" என்றால் மானிட்டர்களின் 3300, 6789 போர்ட்கள் இரண்டையும் திறந்துவிட்டு முடிந்தது என்பார்கள். செஃப் -எஸ் (நிலையைக் காட்டும் கட்டளை) அழகாக வேலை செய்யும். ஆர்பிடி மேப் (டிஸ்க்கை இணைக்கும் கட்டளை) அடித்தால் பிழைகூட வராமல் அப்படியே தொங்கும். செஃப்பின் அமைப்பே, 2006இல் சேஜ் வைலும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்தே, நடுவில் தரவைக் கடத்தும் சர்வர் இல்லாததுதான். கிளையன்ட் தானே கிரஷ் கணக்குப் போட்டு எந்த ஆப்ஜெக்ட் எந்த ஓஎஸ்டியில் என்று கண்டுபிடித்து நேராக அங்கே போகும். எனவே ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒவ்வொரு ஓஎஸ்டி ஹோஸ்ட்டின் 6800 முதல் 7300 வரை, புதிய வெளியீடுகளில் 7568 வரை, திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஓஎஸ்டி ஹோஸ்ட் விடுபட்டாலும் டிஸ்க்கின் சில பகுதிகள் மட்டும் தொங்கும், மற்றவை நன்றாக இருக்கும், கண்டுபிடிக்க மிகக் கஷ்டம்.

ஆகவே ரோலின் கடைசியில் ஒரு சோதனை வையுங்கள். ஆர்பிடி எல்எஸ் அடித்துப் பார்ப்பது போதாது, அது ஒரு ஆப்ஜெக்டைத்தான் படிக்கும், ஒரு ஓஎஸ்டியைத்தான் தொடும். செஃப் ஓஎஸ்டி டம்ப்பை அட்மின் நோடில் எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு ஓஎஸ்டியின் பொது முகவரி, போர்ட்டுக்கும் கிளையன்ட்டிலிருந்து வெயிட்-ஃபார் மாட்யூலால் ஐந்து நொடி வரம்போடு தொட்டுப் பார்க்கலாம். எது திறக்கவில்லையோ அதன் முகவரியோடு பிளேபுக் நின்றால், அந்த வரியை அப்படியே நெட்வொர்க் குழுவுக்கு அனுப்பிவிடலாம்.

ஜம்போ ஃப்ரேம் (பெரிய நெட்வொர்க் பாக்கெட்) வைத்திருக்கிறீர்களா? 9000 எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) என்றால் 8972 பைட் பிங், துண்டாக்காதே என்ற கொடியோடு, அதையும் சேருங்கள். நடுவில் ஒரு சுவிட்ச் போர்ட் 1500இல் இருந்தால் லாகின், லிஸ்ட் எல்லாம் ஓடும், பெரிய எழுத்து மட்டும் நிற்கும்.

ஆழிமேடு:

செஃப்எஃப்எஸ் பக்கம் யாரும் அதிகம் பேசவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

மவுன்ட் வரியில் நேம்= என்ற இடத்தில் கிளையன்ட். என்ற முன்னொட்டு வரக்கூடாது, வெறும் பெயர் மட்டும். சீக்ரெட்ஃபைல் என்று கொடுக்கும் கோப்பில் சாவி மட்டும் ஒரே வரியாக இருக்க வேண்டும், கீரிங் கோப்பை அப்படியே கொடுத்தால் ஏற்காது. பிளேபுக்கில் ஒரே டெம்ப்ளேட்டை இரண்டுக்கும் பயன்படுத்துகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். எஃப்எஸ்டேபில் நெட்டெவ் விருப்பத்தை விட்டுவிடாதீர்கள், நெட்வொர்க் வருவதற்கு முன் மவுன்ட் முயன்று பூட் தடுமாறும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. எஃப்எஸ் ஆத்தரைஸில் ஒரு அடைவை மட்டும் கொடுத்தால் அந்த வெப் சர்வர் அதற்குள் மட்டும்தான் இருக்கும் என்று நம்புகிறோம். அந்த அடைவு எல்லை எம்டிஎஸ்ஸில்தான் காக்கப்படுகிறது. கோப்பின் உள்ளடக்கமோ ஓஎஸ்டியில் இருக்கிறது, அங்கே அந்தப் பயனருக்கு அந்த ஃபைல்சிஸ்டத்தின் டேட்டா பூல் முழுவதற்கும் அனுமதி உண்டு. மவுன்ட்டை விட்டுவிட்டு ராடோஸ் கட்டளையால் நேராகப் பூலைப் படித்தால் மற்றவர்களின் கோப்புத் துண்டுகளும் கிடைக்கும். ஒருவரையொருவர் நம்பாத குழுக்கள் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருந்தால், நேம்ஸ்பேஸ்-ஐசொலேட்டட் கொடியோடு சப்வால்யூம் (ஃபைல்சிஸ்டத்துக்குள் தனிப் பகுதி) உருவாக்கி, சப்வால்யூம் ஆத்தரைஸ் வழியாக அனுமதி கொடுங்கள். அப்போது ஓஎஸ்டி கேப்ஸும் அந்த நேம்ஸ்பேஸோடு நின்றுவிடும். இதையும் பட்டியலில் ஒரு புலமாக வைத்து ரோலிலேயே செய்யலாம்.

அலைகணிப்பு:

நெய்தல்நிலம், மாறும் வரிசை பற்றிக் கேட்டீர்கள். புதிய பயனர்களை உருவாக்கி, கீரிங்கைப் பரப்பி, வெப் சர்வர்களை ஒவ்வொன்றாக சீரியல் 1 வைத்து அன்மவுன்ட் செய்து திரும்ப மவுன்ட் செய்யுங்கள். விஎம்களுக்கு எக்ஸ்எம்எல்லில் பயனர் பெயரும் சீக்ரெட்டும் மாற வேண்டும், உள்ளிருந்து ரீபூட் செய்தால் அது எடுபடாது, முழுக்க அணைத்து எழுப்ப வேண்டும். பராமரிப்பு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது இன்னும் யார் அட்மின் பெயரில் இணைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு மானிட்டருக்கும் செஃப் டெல் வழியாக செஷன்ஸ் கேட்டால் பயனர் பெயரும் ஐபியும் வரும். ஆடிட் பதிவில் எந்தப் பயனர் என்ன கட்டளை கொடுத்தார் என்பதும் இருக்கும்.

கடைசியாக ஒன்று. கிளையன்ட்களிலிருந்து அட்மின் கீரிங் கோப்பை அழிப்பதோடு வேலை முடியாது. 0644இல் இவ்வளவு காலம் கிடந்த சாவியை யார் நகலெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது, சாவியையே மாற்ற வேண்டும். புதிய சாவியோடு கீரிங் கோப்பு ஒன்று செய்து ஆத் இம்போர்ட் கொடுங்கள். அதற்கு முன் ஒரு மானிட்டர் ஹோஸ்ட்டில் மான். பயனரின் கீரிங்கை வைத்து உள்ளே வர முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள், இம்போர்ட்டில் ஏதாவது தவறினால் திரும்ப உள்ளே வர அந்தக் கதவு மட்டும்தான்.

சாவியை மாற்றினாலும் நீக்கினாலும் இணைப்பில் இருப்பவர்கள் உடனே வெளியே போக மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். ஓஎஸ்டிகளுக்கான டிக்கெட் இயல்பில் 1 மணி நேரம் செல்லும். உடனே துண்டிக்க வேண்டுமென்றால் அந்த முகவரியை ஓஎஸ்டி பிளாக்லிஸ்ட்டில் சேர்க்க வேண்டும்.

நெய்தல்நிலம்:

வெப் சர்வர்கள் முடிந்தன, சுத்தமாக மாறிவிட்டன. கிளையன்ட்.லிப்வர்ட்டின் கேப்ஸையும் மாற்றிவிட்டேன். இரவுப்பணி சொன்ன ஓஎஸ்டி சோதனையைச் சேர்த்து ஓட்டியதில் புதிய கேவிஎம் ஹோஸ்ட்களில் ஒன்றுக்கு ஒரு ஓஎஸ்டி ஹோஸ்ட் திறக்கவில்லை என்று தெரிந்தது. முகவரியோடு அனுப்பினேன், அன்றே திறந்துவிட்டார்கள். நல்லவேளை, விஎம் எதுவும் அங்கே போகவில்லை.

மான் செஷன்ஸ் பார்த்ததில் இப்போது அட்மின் பெயரில் மிச்சம் இருப்பது பேக்கப் சர்வர் மட்டும். அதற்கு ரீட்-ஒன்லி புரொஃபைல் கொடுத்தால் ஸ்னாப்ஷாட் எடுக்கும் படியிலேயே நின்றுவிடுகிறது, அனுமதி இல்லை என்கிறது. எழுதும் உரிமை கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? பேக்கப் சர்வரிலிருந்து மூலத்தை அழிக்க முடியக்கூடாது என்று நிர்வாகம் கேட்கிறது.

வரப்புவழி:

கொடுக்க வேண்டாம், வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஸ்னாப்ஷாட் எடுப்பது கேவிஎம் பக்கத்து வேலையாக இருக்கட்டும். அங்கே ஏற்கெனவே எழுதும் உரிமையுள்ள பயனர் இருக்கிறார், விஎம்முக்குள் கெஸ்ட் ஏஜென்ட் வழியாக ஃபைல்சிஸ்டத்தை உறைய வைத்து எடுப்பதும் அங்கிருந்துதான் முடியும், அதனால் பேக்கப்பின் தரமும் கூடும். சிஸ்டம்டி டைமராக ரோலில் சேர்த்துவிடுங்கள், ஸ்னாப்ஷாட் பெயரில் தேதி வரட்டும்.

பேக்கப் சர்வர் அதன் பிறகு வந்து, அந்தத் தேதியின் ஸ்னாப்ஷாட் இருக்கிறதா என்று பார்த்து, நேற்றைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து இன்றையதுவரை எக்ஸ்போர்ட்-டிஃப் (இடையில் மாறியது மட்டும்) எடுக்கட்டும். அதற்குப் படிக்கும் உரிமையே போதும். பழைய ஸ்னாப்ஷாட்டை அழிப்பதும் கேவிஎம் பக்கத்து டைமரிடமே இருக்கட்டும், ஆனால் கடைசி இரண்டை எப்போதும் விட்டுவைக்கும்படி எழுதுங்கள். நேற்றையதை அவசரப்பட்டு அழித்துவிட்டால் டிஃப்புக்கு அடித்தளம் இல்லாமல் போய், அன்று இரவு எல்லா இமேஜையும் முழுசாக இழுக்க வேண்டிவரும்.